வி-கிராஸுக்குப் புது எக்ஸாஸ்ட்: எங்கே செலவு செய்வது, எதைத் தொடக்கூடாது

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2018 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப், 2.5 லிட்டர் டீசல், சொந்த உபயோகம். பின்பக்க சைலன்சர் துருப்பிடித்து அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும், மாற்றுவதுதான் மாற்றுகிறோம், அமெரிக்க பிக்கப்புகளில் வருகிற அந்தக் கனமான சத்தம் வருகிற மாதிரி ஃப்ரீ ஃப்ளோ, அதாவது தடை குறைந்த சைலன்சர், போட்டுவிடலாமா என்று ஆசை. கடைக்காரர் 3 இன்ச் பைப், இரண்டு பக்கமும் டிப் (பைப்பின் வெளிவாய்), கூடவே கேட்டையும், அதாவது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும், கழற்றிவிடலாம் என்கிறாராம். மைலேஜும் இழுவையும் கூடும் என்றும் சொல்லியிருக்கிறார்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வருகிறது. கேட்டைத் தொடாதீர்கள். கேட்டுக்குப் பின்னால் இருக்கும் பகுதியை மட்டும் மாற்றுங்கள். 2.5 இன்ச் பைப் போதும். இடது பக்க டிப் வேண்டாம். மிச்சமாகிற காசை நல்ல உலோகத்திலும், நல்ல வெல்டிங்கிலும், கொஞ்சம் பெரிய மஃப்ளரிலும் (சைலன்சர் டப்பா) போடுங்கள். ஒரிஜினலைவிடச் சத்தம் கூடாமல், தொனி மட்டும் கொஞ்சம் கீழே இறங்குகிற மாதிரி கட்டினால், பத்து வருடத்துக்கு அதன் பக்கம் போக வேண்டியிருக்காது.

அந்த அமெரிக்கச் சத்தத்தை எடுத்துக்கொள்வோம். நீங்கள் வீடியோவில் கேட்பது பெரும்பாலும் வி8 பெட்ரோல் இன்ஜின். அதன் கிராங்க் அமைப்பினால் ஒவ்வொரு பக்கத்து நான்கு சிலிண்டரும் சீரான இடைவெளியில் வெடிப்பதில்லை. ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வெடிப்பு நெருங்கி வரும், அப்புறம் ஒரு இடைவெளி விழும். அந்த ஒழுங்கற்ற தாளம்தான் குடுகுடுவென்று கேட்கிறது. நம் வி-கிராஸில் நான்கு சிலிண்டர் வரிசையாக நிற்கிறது. கிராங்க் அரைச் சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு, எப்போதும் ஒரே இடைவெளி. ஃப்ளோமாஸ்டர், போர்லா, மேக்னாஃப்ளோ என்று எந்த அமெரிக்கக் கம்பெனி மஃப்ளரைக் கொண்டுவந்து மாட்டினாலும் இந்தத் தாளம் மாறாது. போதாததற்கு டர்போ வேறு இருக்கிறது. எக்ஸாஸ்ட் வாயு டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வரும்போது அதன் அடி பாதி தணிந்துவிடும். டர்போ டீசலில் சைலன்சரை எடுத்தால் மிஞ்சுவது கொஞ்சம் விசில், கொஞ்சம் இரைச்சல், கேபினுக்குள் நிறைய முழக்கம். ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட் என்று வெடிக்கும் சத்தமும் வராது. ஏனென்றால் காலை எடுத்தவுடன் டீசல் இன்ஜினில் இன்ஜெக்டர் எரிபொருளையே நிறுத்திவிடும், பைப்பில் போய் எரிய ஒன்றும் இருக்காது.

இழுவை கூடுமா? டர்போவுக்குப் பின்னால் தடை குறைவது டர்போவுக்கு நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்), எவ்வளவு டீசல் என்று முடிவு செய்வது ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர். உங்கள் இன்ஜினுக்கு கம்பெனி கொடுத்திருப்பது 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க். பின்பக்கப் பைப்பை மட்டும் மாற்றிவிட்டு ஈசியூவை அப்படியே விட்டால், ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஒரு வித்தியாசமும் உங்கள் காலுக்குத் தெரியாது. வேலூர் வெயிலில் இழுவை குறைகிறது என்றால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் இதழ்களில் அடைந்திருக்கும் செம்மண்ணைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதில் கிடைக்கும் வித்தியாசம் எந்த சைலன்சரிலும் கிடைக்காது.

3 இன்ச் பைப் எதற்கு வேண்டாம் என்கிறேன்? 2.5 இன்ச்சிலிருந்து 3-க்குப் போனால் உள்பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. அந்த அளவு வாயு இந்த இன்ஜினில் வருவதில்லை. பைப் பெரிதாக ஆக முழக்கம்தான் கூடும், எடை கூடும், ஆக்ஸிலுக்கு மேலே வளைத்துக் கொண்டுபோக இடம் போதாமல் போகும். இப்போது இருக்கும் பைப்பின் வெளிவிட்டத்தைக் காலிப்பரில் அளந்து பாருங்கள். அதே அளவு அல்லது ஒரு படி மேலே, அவ்வளவுதான். அளவைவிட வளைவு முக்கியம். பல கடைகளில் பைப்பை வைத்து அழுத்தி வளைப்பார்கள், வளைவின் உள்பக்கம் சப்பிப் போய் 2.5 இன்ச் பைப் அந்த இடத்தில் 2 இன்ச் ஆகிவிடும். சப்பாமல் இருக்க உள்ளே மேண்ட்ரல் என்கிற தாங்குகம்பி விட்டு வளைத்த ரெடிமேட் வளைவுகள் விற்கின்றன. 45 டிகிரி, 90 டிகிரி என்று வாங்கி வெட்டி ஒட்டச் சொல்லுங்கள்.

இனி கேட். 2018 வண்டி பிஎஸ்4, அதாவது இப்போதைய பிஎஸ்6-க்கு முந்தைய புகைக் கட்டுப்பாட்டு அளவு. டீசல் கேட் வேலை செய்வது கார்பன் மோனாக்சைடையும், எரியாத டீசல் ஆவியையும் எரிப்பது. அதை எடுத்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வருகிற கண் எரிச்சல் நாற்றம் உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கும். பின்னால் தொட்டியில் ஆட்களை ஏற்றிப் போகிறவர்கள் இதை இன்னும் யோசிக்க வேண்டும். பிஎஸ்6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு, அதாவது 1.9 லிட்டர் வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்றவற்றுக்கு, இது இன்னும் கடுமையான விஷயம். அதில் கேட்டோடு டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டியும், அதைக் கண்காணிக்க வெப்ப சென்சார், அழுத்த சென்சார் என்று வரிசையாகவும் இருக்கின்றன. ஒன்றைக் கழற்றினாலும் டேஷ்போர்டில் விளக்கு எரியும், வண்டி இழுவையைக் குறைத்துக்கொள்ளும். டிபிஎஃப் அடைக்கிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள். கரியை எரித்துத் தள்ள வடிகட்டி சுமார் 600 டிகிரிவரை சூடாக வேண்டும். காட்பாடி ரயில் நிலையத்துக்கும் பாகாயத்துக்கும் இடையில் முதல், இரண்டாம் கியரில் உருட்டினால் அது முடியாது. வாரம் ஒருமுறை பெங்களூர் ஹைவேயில் ஆம்பூர்வரை நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வாருங்கள், அதுவே பாதி வைத்தியம். அந்தச் சுத்திகரிப்பு நடக்கும் நேரத்தில் காய்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நேராகவே சொல்கிறேன், ஏனென்றால் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அசல் விவரத்திலிருந்து வண்டி மாறுபடுகிற மாதிரி உரிமையாளர் மாற்றம் செய்யக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 182ஏ பிரிவில் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை. ஒலி, புகை அளவை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய்வரை அபராதம், மூன்று மாதம்வரை சிறை, கூடவே லைசென்ஸும் மூன்று மாதம் போய்விடும். புல்லட் சைலன்சர்களைக் கழற்றி வரிசையாக அடுக்கி ரோடு ரோலரை ஏற்றுகிற காட்சியைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். துருப்பிடித்த சைலன்சருக்குப் பதில் அதே வேலையைச் செய்கிற, சத்தமும் புகையும் கூடாத ஒன்றைப் போடுவது பராமரிப்பு. சத்தத்தைக் கூட்டுவதற்காகவே போடுவது விதிமீறல். விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் சர்வேக்கு வந்தாலும் அவர் கண்ணில் முதலில் படுவது இப்படிப்பட்ட மாற்றங்கள்தான்.

இடது டிப் வேண்டாம் என்றதற்கும் இதே அடிப்படை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112-ஆம் விதி, புகை இடது பக்கமாக வெளியே வரக்கூடாது, பின்பக்கமோ வலப்பக்கமோதான் போக வேண்டும் என்கிறது. யோசித்தால் நியாயம் புரியும். நம் ஊரில் இடது பக்கம் என்பது நடைபாதை, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஜனம், பள்ளிப் பிள்ளைகள். அமெரிக்க வீடியோவைப் பார்த்து இரண்டு பக்க டிப்பை அப்படியே காப்பியடித்தால் இங்கே அந்த ஜனத்தின் பக்கமும் புகை வரும். 113-ஆம் விதி இன்னொன்று சொல்கிறது: எக்ஸாஸ்ட் பைப்புக்கும் டீசல் லைனுக்கும் இடையில் 35 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். லிஃப்டில் ஏற்றியபோது இதை ஸ்கேல் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

வேலூருக்கு என்று ஒன்று உண்டு. காட்பாடியில் இருக்கிறீர்கள், விஐடி பக்கமாக வந்து பாலாற்றுப் பாலம் தாண்டி ஆற்காடு ரோட்டில் நுழைந்தால் சிஎம்சி மருத்துவமனை. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே பகலில் 50 டெசிபெல், இரவில் 40 என்பது ஒலி மாசு விதி. எங்கெங்கிருந்தோ ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று வந்து, கட்டில் கிடைக்காமல் லாட்ஜில் படுத்திருக்கிற நோயாளிகள் அந்த ரோடு முழுக்க இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு அந்த வழியாக ஃப்ரீ ஃப்ளோ வண்டி போவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன்.

சரி, தொனி கொஞ்சம் கனமாக வேண்டும், சத்தம் கூடக்கூடாது, அதற்கு என்ன வழி? மஃப்ளரில் இரண்டு வகை. ஒன்று உள்ளே தடுப்பு அறைகள் வைத்தது. அறைக்கு அறை ஒலி மோதித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இன்னொன்று நேராகப் போகும் ஓட்டைப் பைப்பைச் சுற்றி நார் அடைத்தது. இரண்டாவதில் தடை குறைவு, உச்சத்தொனி இரைச்சலை நன்றாக உறிஞ்சும், ஆனால் தாழ்ந்த முழக்கத்தை அவ்வளவாகப் பிடிக்காது. டீசல் பிக்கப்புக்கு முன்னால் ஒரு நார் அடைத்த ரெசொனேட்டர் (சின்னத் துணை மஃப்ளர்), பின்னால் பழைய அளவுக்குக் குறையாத கொள்ளளவுள்ள அறை வகை மஃப்ளர் என்று இரண்டையும் சேர்ப்பதுதான் என் தேர்வு. சின்ன, அழகான மஃப்ளரைப் பார்த்து மயங்காதீர்கள். தாழ்ந்த தொனியை அடக்க இடம் வேண்டும், டப்பா பெரிதாக இருந்தே ஆக வேண்டும். நார் அடைப்பதிலும் மலிவு வேலை நடக்கிறது. ஓட்டைப் பைப்பை ஒட்டி ஸ்டீல் ஊல், அதற்கு வெளியே நீளமான கண்ணாடி நார் என்று இருந்தால் நிற்கும். வெறும் கிளாஸ் ஊலைத் திணித்தால் அது பொடிப்பொடியாகப் பைப் வழியே வெளியே போய், கொஞ்ச நாளில் சத்தம் தானாகக் கூடும்.

முழக்கத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், இதைத் தெரிந்துகொண்டால் கடைக்காரரிடம் பேச முடியும். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 2,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4,000 வெடிப்பு, விநாடிக்கு 67. அதாவது 67 ஹெர்ட்ஸ். மூடிய கேபின், கூரைத் தகடு எல்லாம் சேர்ந்து அதிரத் தோதான எண் அது. ஹைவேயில் டாப் கியரில் போகும்போது முள் நிற்பதும் கிட்டத்தட்ட அங்கேதான். கடை வாசலில் நின்று ரேஸ் கொடுத்துக் கேட்டால் இது தெரியவே தெரியாது. வாலாஜா தாண்டுவதற்குள் தலை வலிக்க ஆரம்பிக்கும், சென்னை போய்ச் சேரும்போது காது கும்மென்று அடைத்துக்கொள்ளும். இதற்கு ஒரு வைத்தியம், மெயின் பைப்பிலிருந்து ஒரு முனை மூடிய கிளைப் பைப் வைப்பது. அதற்குள் போன ஒலி அலை திரும்பி வந்து அதே ஒலியை அழிக்கும். அந்தக் கிளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். 300 டிகிரி சூட்டு வாயுவில் ஒலி விநாடிக்குச் சுமார் 480 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் 67 ஹெர்ட்ஸுக்கு 1.8 மீட்டர், கிட்டத்தட்ட ஆறு அடி. காரில் அதற்கு இடமே இருக்காது. பிக்கப்பின் சேஸ் நீளமானது, மெயின் பைப்புக்கு இணையாக மடக்கி ஓட்டிவிடலாம். ஆனால் பாதிப் பேர் இரண்டடிப் பைப்பை ஒட்டிவிட்டு முழக்கம் போகவில்லை என்கிறார்கள். இரண்டடிக்கு அது போகாது.

இனி உலோகம். இங்கேதான் அதிகம் ஏமாற்றப்படுகிறோம். ‘எஸ்எஸ் பைப்’ (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று சொல்லி 202 என்கிற மலிவு ரகத்தைக் கொடுப்பார்கள். வீட்டு வாசல் கதவுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் போடுகிற ஸ்டீல் அது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தது, பளபளப்பில் நல்ல ரகமான 304 மாதிரியே இருக்கும். எக்ஸாஸ்ட் சூட்டிலும் உள்ளே தேங்கும் அமிலத் தண்ணீரிலும் வெல்டிங் ஓரமாகவே துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது, 202, 304 இரண்டிலும் காந்தம் ஒட்டாது. பழைய இரும்புக் கடைக்காரர்கள் ஒரு சொட்டு மருந்து விட்டு, 9 வோல்ட் பேட்டரி முனையை வைத்துப் பார்ப்பார்கள். 202 என்றால் அந்தச் சொட்டு சிவந்துவிடும், 304-இல் சிவக்காது. பைப்பை வெட்டுவதற்கு முன் உங்கள் கண்முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள். கம்பெனி எக்ஸாஸ்ட்டுகளில் அதிகம் வருவது 409 என்கிற ரகம். அதில் காந்தம் ஒட்டும், மேலே பழுப்பு படியும், ஆனால் உள்ளே ஓட்டை விழ நாளாகும். 409 கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அது மட்டமான பொருள் இல்லை.

வெல்டிங்குக்கு நான் ராணிப்பேட்டைக்குப் போகச் சொல்வேன். பெல் தொழிற்சாலையை ஒட்டியும் சிப்காட்டிலும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைய, ஆர்கான் வெல்டிங்கில் கை பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். கார் அலங்காரக் கடையில் டிப்பை நன்றாக மாட்டுவார்கள், ஜாயிண்ட் ஒட்டத் தெரிந்தவரைத் தனியாகத்தான் தேட வேண்டும். 304-க்கு 308எல் ஃபில்லர் (வெல்டிங் கம்பி), ஸ்டெயின்லெஸ்ஸை சாதா இரும்போடு சேர்க்கிற இடத்தில் 309எல். வெளியே மட்டுமல்லாமல் பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விட்டு ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிச் சொரசொரப்பாக நுரைத்து நிற்கும், முதலில் விரிசல் விடுவது அங்கேதான். வண்டியில் வைத்துப் புள்ளிப்புள்ளியாகப் பிடித்துவிட்டு, கழற்றி மேசையில் வைத்து முழு வெல்டிங் செய்வது முறை. வண்டியிலேயே ஒட்டினால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றியே ஆக வேண்டும், எர்த் கிளாம்ப் ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஈசியூ போனால் சைலன்சர் செலவைப் போல பல மடங்கு ஆகும்.

அடுத்தது தொங்கவிடுவது. 304 சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக நீளும். மூன்று மீட்டர் பைப் 300 டிகிரி சூடானால் சுமார் 15 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான் ரப்பர் ஹேங்கரும், முன்னால் வலைபின்னிய ஃப்ளெக்ஸ் பைப்பும். ஆடுகிறது என்று சொல்லிப் பட்டறையில் ஹேங்கரை நேராகச் சேஸோடு ஒட்டிவிடுவார்கள். அப்புறம் இன்ஜின் அதிர்வு முழுக்கக் கேபினுக்கு வரும், மேனிஃபோல்ட் பக்கம் விரிசலும் வரும். ஒரிஜினல் ஹேங்கர் இருந்த இடத்திலேயே புதியதும் வர வேண்டும், ரப்பர் காய்ந்திருந்தால் புதிதாக வாங்கிப் போடுங்கள். பின் ஆக்ஸிலுக்கு மேலே போகிற வளைவை, வெறும் வண்டியில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. தொட்டியில் வண்டிக்கு அனுமதித்த அளவு பாரம் ஏற்றி, ஸ்பிரிங் பட்டை அமுங்கிய பிறகு பைப்புக்கும் ஆக்ஸில் ஹவுசிங்குக்கும் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், அடியில் தொங்கும் ஸ்டெப்னி டயர், இவை மூன்றையும் சூடு தாக்காமல் இருக்க வேண்டும். டெயில் பைப் பாடியைத் தாண்டி வெளியே நீண்டிருக்கட்டும். உள்ளேயே முடிந்தால், ஓடும்போது வண்டிக்குப் பின்னால் உண்டாகும் சுழல்காற்று புகையைத் தொட்டிக்குள் இழுக்கும். தொட்டிக்கு மேல் கேனோப்பி என்கிற மூடி போட்டுப் பின் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தால் கேபினுக்கே வரும்.

உங்கள் பழைய சைலன்சர் அடிப்பக்கம் ஓட்டையானதற்குக் காரணம் சொல்லவில்லையே. ஒரு கிலோ டீசல் எரிந்தால் ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. சைலன்சர் முழுதாகச் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால் அது அடியில் தேங்கி நிற்கும். காட்பாடி, மார்க்கெட், திரும்ப வீடு என்று சின்னச் சின்ன ஓட்டம்தான் அதற்கு எமன். புது மஃப்ளரின் மிகத் தாழ்ந்த இடத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு வடிகால் துளை இருக்கட்டும். அதைப் பார்த்து யாராவது ‘ஓட்டை இருக்கிறது’ என்று ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டுத் துணி சுற்றச் சொன்னாலும் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

கடைசி வெல்டிங்குக்கு முன் மஃப்ளரையும் ரெசொனேட்டரையும் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பள்ளிகொண்டா டோல்வரை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வாருங்கள். கண்ணாடி முழுக்க ஏற்றி, ஏசியைக் குறைத்து, டாப் கியரில் 1,800-இலிருந்து 2,400 ஆர்பிஎம்வரை மெதுவாக ஏற்றுங்கள். பின் சீட்டிலும் ஒருவரை உட்கார வையுங்கள், முழக்கம் அங்கேதான் அதிகம் தெரியும். எந்த ஆர்பிஎம்மில் அடிக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தால் கிளைப் பைப்பின் நீளத்தை அதற்கேற்ப வெட்டலாம். எல்லாம் ஒட்டி முடிந்ததும், ஐட்லிங்கில் டெயில் பைப் வாயை ஈரச் சாக்கால் சில விநாடி மூடிப் பாருங்கள். எங்காவது கசிவு இருந்தால் உஸ்ஸென்று சத்தம் வரும். ஃப்ளாஞ்ச் போல்ட்டுகளை முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை இறுக்குங்கள், அப்போது ஜாயிண்டைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கரி இருந்தால் கேஸ்கட்டை மாற்றச் சொல்லுங்கள், மேலே பேஸ்ட் தடவ விடாதீர்கள்.